இளையான்குடி மாற நாயனார்: அழையாது வந்த விருந்து

தோற்றுவாய்

விருந்து என்னுஞ் சொற்குப் புதுமை என்பது பழம்பொருள். முன் அறியப்படாத புதியவராய் வாயிலில் வந்து நிற்பவரையே நம் முன்னோர் விருந்தினர் என்றனர். உறவினர்க்குச் சுற்றம் என்றும், நண்பர்க்குக் கேளிர் என்றும் வேறு பெயர்கள் உளவாயின. வடமொழியாளர் வழங்கும் அதிதி என்னுஞ் சொல்லும், இன்ன திதியில் வருவேன் என நாள் குறியாது வருபவர் என்று பொருள் கூறப்படுவதாம். ஆகவே ஓலை போக்கி, நாள் வைத்து, பந்தலிட்டு வருவித்தாரை உண்பித்தல் நன்றேயாயினும், அது விருந்தோம்பலின் எளிய பகுதியாம். அழையாது, அறிவியாது, நம் வசதி நோக்காது வந்தவரை ஏற்றலே அதன் அரிய பகுதியாகும்.

திருவள்ளுவர் திருக்குறளின் 9ஆம் அதிகாரத்தை விருந்தோம்பலுக்கென வகுத்தார். அவ்வதிகாரம் கூறும் அறத்திற்கு வாழ்ந்து காட்டிய உரையாக விளங்குபவர் இளையான்குடி மாற நாயனார். நம்பியாரூரராகிய சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையில் இவர் திருப்பெயரை வைத்தார். நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் இவர் செயலைச் சுருங்கக் கூறினார். இரண்டாம் குலோத்துங்க சோழன் காலமாகிய 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் இவ்வரலாற்றை விரித்தருளினார். அதனைத் தழுவி இங்கே உரைநடையில் எழுதப் புகுகின்றோம். பாடசாலைகளிலே மாணவர்க்கு இவ்வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஊன்றி நோக்க வேண்டுவன சில இதன்கண் உள; அவற்றை வரலாற்றின் பின் காட்டுவாம்.

வரலாறு

இளையான்குடி பாண்டி நாட்டின் பழைய ஊர்களுள் ஒன்று. முன்னர் இராமநாதபுர மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1985 முதல் சிவகங்கை மாவட்டத்தைச் சார்ந்துளது. வைகையின் நீரையும் ஏரி குளங்களையும் வானத்து மழையையும் நம்பி உழுதுண்ணும் நாடு அது. அவ்வூரிலே வேளாளர் குலத்திலே தோன்றியவர் மாறனார். நிலமும் நெல்லும் நிரம்பப் பெற்றவர். சிவனடியார் என்னும் தன்மையால் தம்மை நாடி வந்தவர் யாவராயினும், அவரை எதிர்கொண்டு, கைகூப்பி, இன்சொற் கூறி, மனைக்கு அழைத்து வந்து, அடிவிளக்கி, ஆசனத்திருத்தி, அறுசுவை உண்டி நால்வகையாற் சமைப்பித்து, அவரவர் விரும்பியவாறு உண்பித்தலே தமக்கு வாழ்வெனக் கொண்டவர். வந்தவர் ஊரும் பேரும் குலமும் அவர் வினாவினாரல்லர்.

நாடோறும் நிகழ்ந்த இத்தொண்டினால் அவர் செல்வம் குறையாது வளர்ந்தது. செல்வமுடையார் கொடுத்தல் உலகத்தில் உள்ளதே. இவர் வறுமையிலும் இதனைச் செய்ய வல்லவர் என்பதனை உலகறியச் செய்யத் திருவுளங் கொண்டார் சிவபெருமான். செல்வம் மெல்ல மெல்லச் சுருங்கியது. நிலங்கள் கைமாறின. நாயனார் தொண்டினைச் சுருக்கினாரல்லர். உள்ளதை விற்றார், விற்பதற்கு இல்லாதபோது கடன் கொண்டார், தம்மையே விற்றாலன்றித் தீர்க்கவியலாத அளவிற்குக் கடன் வளர்ந்தும் அடியாரை உண்பித்தார். இறுதியிலே கடன் தருவாரும் இலராயினர்.

அந்நிலையில் ஒரு மாரிக்காலத்து இரவு. பகலெல்லாம் உணவின்றிக் கழிந்தது. எஞ்சிய சிறு நிலத்திலே அன்று பகல் முளைநெல் விதைத்துவிட்டு வந்து, நாயனாரும் மனைவியாரும் பசியோடு கதவடைத்து இருந்தனர். நள்ளிரவு, இருள், இடையறாத மழை. அப்பொழுது ஓரடியார் வாயிலில் வந்து நின்றார். அவரை வரச்சொன்னவர் எவருமிலர். அவர் வருவார் என்று எண்ணியவருமிலர். நாயனார் கதவைத் திறந்தார், உள்ளே அழைத்தார், மழையில் நனைந்த அவர் மேனியின் ஈரத்தைத் துடைத்தார், தங்க இடங்கொடுத்தார். பின்பு மனைவியாரிடஞ் சென்று, வந்தவர் பெரிதும் பசித்திருக்கின்றார், இவர்க்கு அமுதூட்ட யாது செய்வோம் என்று வினாவினார்.

அவ்வம்மையார் நிலைமையை உள்ளவாறு எடுத்துரைத்தார். வீட்டில் யாதுமில்லை, அயலார் முன்னரே பலகாற் கொடுத்தமையால் இனிக் கொடார், பொழுதோ நள்ளிரவு, வேறிடஞ் சென்று கேட்பதற்கும் இடமில்லை என்றார். இவ்வளவிற் சொல்லி நின்றிருப்பின் அது குற்றமாகாது. அம்மையார் அங்ஙனம் நின்றாரல்லர். பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தால் வல்லவாறு அமுது ஆக்கலாம் என்று வழியுங் காட்டினார்.

பெருஞ்செல்வம் பெற்றார்போல மகிழ்ந்த நாயனார், பெரிய இறைகூடை ஒன்றைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு மழையிற் புறப்பட்டார். கண்ணுக்கு வழி தெரியாத இருள். நாடோறும் நடந்து பழகிய வழியாதலின், குறியினாலே நடந்து, காலினாலே வரம்பைத் தடவி வயலை அடைந்தார். மழைநீரில் மிதந்து ஒதுங்கிய வெண்முளைகளைக் கைகளாற் கோலி, கூடை நிறைய வாரி, தலையிற் சுமந்து விரைந்து மீண்டார்.

வாயிலில் எதிர்நோக்கி நின்ற மனைவியார் அதனை ஏற்று, சேறு போகக் கழுவினார். பின்பு, அடுப்பெரிக்க விறகில்லையே என்றார். நாயனார் கூரையை நோக்கி, வீட்டின் வரிச்சுக்களை அறுத்து வீழ்த்தினார். அம்மையார் முளைநெல்லை வறுத்து, குற்றி, அரிசியாக்கி, உலையிலிட்டுச் சோறு சமைத்தார். பின்பு, கறிக்கு யாது செய்வோம் என்றார். நாயனார் வீட்டின் பின்புறத்துப் புன்செய்க் குழியில் இன்னும் வளர்ந்து முற்றாத சிறு பயிரைத் தடவிப் பறித்துக் கொணர்ந்தார். அவ்வொன்றனையே அம்மையார் தம் கைத்திறத்தால் வெவ்வேறு கறியமுதாகச் சமைத்து முடித்தார். அடியாரை அழைத்து அமுது செய்விப்போம் என்று கணவர்க்கு உரைத்தார்.

நாயனார் சென்று, துயின்றிருந்த விருந்தினரை அன்போடு எழுப்பினார். எழுந்தது மனித வடிவமன்று; சோதி. கணவனும் மனைவியும் திகைத்து நின்றனர். பின்பு சிவபெருமான் உமையம்மையாரோடும் இடபத்தின்மேற் காட்சி தந்து, அடியார் பூசை புரிந்த இருவரையும் தம் உலகத்திலே இன்புற்றிருக்க அருளி மறைந்தார். ஆவணி மக நாளில் இந்நாயனார் குருபூசை நிகழ்கின்றது.

வரலாற்றுட் கருதத் தக்கன

இவ்வரலாறு அமைந்த தில்லைவாழந்தணர் சருக்கத்திலேயே அழையாது வந்தோர் வேறு சிலரும் உளர். இயற்பகையாரிடம் வந்தவர் அவர் மனைவியாரையே கேட்டார். அமர்நீதியாரிடம் வந்தவர் கோவணம் கொடுத்து வைத்து, பின் அதற்கு ஈடாக அவர் பொருள் முழுவதையும் அவரையும் கொண்டார். மெய்ப்பொருளாரிடம் அடியார் வேடத்தில் வந்த முத்தநாதன் புத்தகக் கட்டினுள் வாள் மறைத்துக் கொணர்ந்தான். இளையான்குடிக்கு வந்த விருந்தினரோ யாதுங் கேட்டாரல்லர். நனைந்து வந்தார், இடம் பெற்றார், துயின்றார். வயலுக்குச் செல்க என்று அவர் பணித்ததில்லை. கூரையை அறுக்க என்று கூறியதில்லை. அனைத்தும் வீட்டார் தாமே எண்ணித் தாமே செய்தவை. கேளாதவர் பசியை அறிந்துகொள்ளுதலே இங்கு முதற்றொண்டு.

இரண்டாவது, மனைவியாரின் பங்கு. இவ்வரலாற்றைச் சொல்வோர் பலர் நாயனார் மழையில் நடந்ததனையே சிறப்பிப்பர். எண்ணிப் பார்ப்பின், வழி கண்டவர் அம்மையார், நடந்தவர் நாயனார். முளைவிட்ட நெல் ஈரமுடையது. அதனை உலர்த்தாது குற்றினால் உமி பிரியாது, அரிசியும் நொறுங்கும். உலர்த்துதற்கு நள்ளிரவில் வெயில் ஏது? வறுத்தல் ஒன்றே வழி. ஒரே கீரையைப் பல கறியாக்கியதும் அவரது அடுக்களை அறிவே. அவர் பெயரைச் சேக்கிழார் குறித்திலர்; ஆயினும் இறைவர் அருள் செய்தபோது இருவரையும் ஒருங்கே ஏற்றார். வீட்டிலுள்ள பெண்ணின் மனமும் உழைப்பும் அறிவும் கூடாத இடத்தில், ஆடவன் ஒருவன் தனித்து விருந்தோம்பினான் என்பது வெறும் பேச்சேயாம். விருந்தினரை வாயிலில் வரவேற்றுவிட்டுச் சுமை முழுவதையும் அடுக்களையில் இறக்குவோர், நாயனார் மும்முறை எழுந்து சென்று நெல்லும் விறகும் கீரையும் கொணர்ந்ததனை நோக்குவாராக.

மூன்றாவது, வந்தவர் யார் என்பது சோறும் கறியும் ஆகி முடியும்வரை அவர்கட்குத் தெரியாது. தெரிந்து செய்திருப்பின் அது வாணிகமாகும். அருள் பெறுதற்கு இட்ட முதலாகும். பயன் கிடைக்கும் என்று மாணவர்க்கு ஆசை காட்டி இக்கதையைச் சொல்லுதல் பொருந்தாது.

நான்காவது, நுணுகி நோக்கத் தக்கது. நாயனார் கடன்பட்டும் உண்பித்தார் என்பது உண்மை. ஆயினும் இவ்வரலாற்றின் உச்சமாகிய அவ்விரவில் கடன் ஒரு சிறிதும் இல்லை. கடன் கொடுப்பார் இல்லாது போன பின்னரே அந்த விருந்து நிகழ்கின்றது. நெல் அவர் விதைத்தது, விறகு அவர் கூரையினது, கீரை அவர் குழியினது, உழைப்பு இருவரது. பிறர் பொருள் ஒரு பிடியேனும் அவ்விலையில் இல்லை. இறைவர் தேர்ந்து வந்த இரவு அது. ஆதலின் இவ்வரலாறு கடன்படுதலைப் போற்றுகின்றது என்பார் இதன் முடிவினை நோக்கிலர். தன்னுடையது எவ்வளவாயினும் அதனைக் கொடுத்தலையே இது போற்றுகின்றது.

நமுனுகுலச் சாரலில் இவ்வரலாறு

ஊவா மாகாணத்திலே, பதுளைக்கும் பசறைக்கும் எல்லவுக்கும் இடையே, 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்பது நமுனுகுல மலை. ஒன்பது முடிகளை உடையது என்பது சிங்களத்தில் அதன் பெயர்ப்பொருள். அதன் சாரலெங்கும் தேயிலைத் தோட்டங்கள். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை அச்சாரலில் இரவெல்லாம் பெய்யும். தகரக் கூரையின்மேல் வீழும் அம்மழையொலியைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு இளையான்குடியின் அவ்விரவை விளக்க வேறு உவமை வேண்டுவதில்லை.

வேறோர் உறவும் உண்டு. இத்தோட்டங்களில் முதலிற் காப்பியும் பின்பு தேயிலையும் பயிரிட்டவர்கள், திருச்சி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, சேலம், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்டவர்கள். தொடக்கத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்தனர். 1914இல் தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிற்று. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. இளையான்குடியைச் சூழ்ந்த ஊர்களும் அவர்கள் புறப்பட்ட நாட்டைச் சேர்ந்தவையே. ஆகவே இந்நாயனாரைப் பற்றிக் கற்பிக்கும்போது, அவர் நம் பாட்டனார் ஊர்ப்பக்கத்தவர் என்று சொல்லத்தக்க பிள்ளைகள் வகுப்பில் இருத்தல் கூடும்.

அப்பிள்ளைகளின் முன்னோர் அழைக்கப்பட்டே வந்தனர். ஆயினும் பின்னர் அழையாத விருந்தினராக எண்ணப்பட்டனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின் முடிவு செய்வது என்றும் அவர்களை எண்ணாற் பிரித்தது. நாடற்றவராய் எஞ்சியவர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை தந்தது. வாயிலில் நிற்பவனை நீ யார் என்று கேட்டு நிறுத்துவதன் துன்பத்தை இம்மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர்.

அவர்கள் வீட்டுக்கு வரும் விருந்தினர்க்கும் தடை இருந்தது. தோட்டம் தனியார் நிலமாகக் கருதப்பட்டமையால், துரையின் இசைவின்றி உட்புகுந்தவர்மேல் அத்துமீறல் வழக்குத் தொடுக்கவும் இடமுண்டாயிருந்தது. தஞ்சையிலிருந்து வந்து இம்மக்களுக்காக உழைத்த கோ. நடேசையர், தோட்டத்து நிலைமையை நேரிற் காண்பதற்குப் புடைவை வணிகர் போல வேடம் பூண்டு செல்ல நேர்ந்தது. நல்லெண்ணத்தோடு வருபவரும் மறைந்து வரவேண்டிய காலம் அது.

இனி, கடனைப் பற்றி மேலே கூறியது இங்கே பெரிதும் பொருந்துவதாம். துண்டு என்னும் கடன்சீட்டினாலே தொழிலாளர் குடும்பங்கள் கங்காணியோடு பிணிக்கப்பட்டிருந்தன. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு ஒழிந்தது. கடைக்கடனும் அடகுக்கடனும் ஒழிந்தில. இக்குடும்பத்துப் பிள்ளைகளிடம், கடன்பட்டேனும் விருந்து செய்க என்று இந்நாயனாரைக் காட்டிக் கூறுதல் தீங்காய் முடியும். உள்ளதைப் பகிர்க என்று கூறுதலே வரலாற்றின் உண்மைக்கும் பிள்ளைகளின் நன்மைக்கும் ஏற்றதாம்.

ஆசிரியரே விருந்தினராகுமிடம்

விருந்தோம்பலைக் கற்பிக்கும் ஆசிரியர், தாமே அழையாத விருந்தினராகும் வேளை ஒன்றுண்டு. பிள்ளை சில நாள் பாடசாலைக்கு வரவில்லை. காரணமறிய அவர் லயத்திற்குச் செல்கின்றார். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதாகிய ஒரு காம்பரா. அதன் முன்னே சிறிய இஸ்தோப்பு. அடுப்பும் உறக்கமும் படிப்பும் அதற்குள்ளேயே. மலையேறிக் கொழுந்து பறித்து மீண்ட தாய், ஆசிரியரைக் கண்டதும் அயல்வீட்டிலிருந்து நாற்காலி வாங்கி வரச் செய்கின்றாள்; ஒரு பிள்ளையைச் சீனிக்கும் பிஸ்கட்டுக்கும் கடைக்கு ஓட்டுகின்றாள். அச்சீனி கணக்கில் எழுதப்படும். ஆசிரியர் ஒரு வாய்த் தேநீர் அருந்தி எழுந்துவிடுகின்றார். அத்தேநீரின் விலையை அவர் அறியார்.

இங்கே இரண்டு பிழைகள் நேரக்கூடும். ஒன்று, வேண்டாம் என்று மறுத்து எழுந்து போதல். மறுப்பதனைச் சிக்கனம் என்று அத்தாய் கொள்ளாள். தன் கைத்தண்ணீரை இகழ்ந்ததாகவே கொள்வாள். சாதி நோக்கி லயத்தில் தண்ணீரும் பருகாது திரும்பியவர்கள் இருந்த காலத்தை இம்மக்கள் மறந்திலர். வந்தவர் யாவராயினும் ஏற்ற நாயனார் வரலாற்றைக் கற்பிப்பவர், ஏற்பவர் யாவராயினும் அவர் கையால் உண்ணக் கடமைப்பட்டவர். மற்றொன்று, அவர்கள் இடுவதெல்லாம் இயல்பாய் வந்தது என்றெண்ணி உண்டு, அடிக்கடி உணவு வேளையில் சென்று இருத்தல். இளையான்குடி விருந்தினர் இறைவராதலின் அறுத்த கூரைக்கு மேலான வீட்டை அளித்தார். நாம் அளிக்க வல்லது யாது?

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெறி எளியது. உணவு வேளை தவிர்த்துச் செல்க. பிள்ளை கடைக்கு ஓடுமுன்னரே, வீட்டில் உள்ளதைத் தருக என்று முந்திக் கேட்க. சீனியில்லாத தேநீரும், காலையில் மிஞ்சிய ரொட்டியும், ஒரு கரண்டிச் சம்பலும் இலையில் வரின், அவை முளைநெற் சோறும் குழிக்கீரையும் என்று எண்ணி மனமுவந்து உண்க. சமைத்த தாயின் கைத்திறனைப் பிள்ளையின் முன் பாராட்டுக. தன் வீட்டு உணவு ஆசிரியர்க்கும் உகந்தது என்று கண்ட பிள்ளை மறுநாள் வகுப்பில் தலைநிமிர்ந்து இருக்கும்.

பாடசாலைக்கும் இக்கடமை உண்டு. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மழையால் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. உயிர் தப்பியவர்கள் உடுத்த உடையோடு அண்மையிலுள்ள தமிழ்ப் பாடசாலைகளில் வந்து தங்கினார்கள். மாரிக்காலத்தில் அழையாது, நனைந்து, பசித்து வந்த விருந்தினர் அவர்கள். மலைச்சரிவு அஞ்சப்படும் இம்மாவட்டத்தில் அத்தகைய இரவு மீண்டும் வாராது என்று சொல்வாரில்லை. அன்று பாடசாலைத் திறவுகோல் யார் கையில் உளது, விறகும் பாயும் எங்கே உள, குடிநீர் எங்கிருந்து வரும் என்பவற்றை மழைக்கு முன்னரே ஆசிரியர்கள் கூடி எண்ணி வைத்தல் வேண்டும். இருளிலும் வழி தெரியும்படி அவ்வழியைப் பகலில் நடந்து பழகியிருந்தமையாலன்றோ நாயனார் வயலை அடைந்தார்.

முடிபு

இளையான்குடியில் அன்று பசித்திருந்தவர் மூவர். விருந்தினர் ஒருவர், வீட்டார் இருவர். தம் பசியை மறந்தமையால் வீட்டார்க்கு விருந்தினர் பசி தெரிந்தது. இவ்வாண்டு ஆவணி மகத்தில் குருபூசை கொண்டாடும் பாடசாலைகள், வரலாற்றைப் படிப்பதோடு நில்லாது, மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் உள்ளதில் ஒரு பிடி அரிசியோ ஒரு கட்டுக் கீரையோ கொணர்ந்து, ஒன்றாய்ச் சமைத்து, அவ்வழியே வரும் எவரையும் அழையாமலே அமர்த்தி உண்பிப்பார்களாக. கொணர இயலாத பிள்ளை விறகு பொறுக்கட்டும். அதுவும் நாயனார் செய்த தொண்டே. அடியார்க்கு அடியாராகும் அன்பு எங்கும் தழைக்கத் திருவருள் முன்னிற்பதாக.

சிவம்.